புள்ளலூர் எத்தனை நாள் தூரம்?

காஞ்சிபுரம்,
ஆவணி, ஞாயிறு காலை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதிக்கொள்வது. ஸ்ரீரங்கப்பட்டணம் போன இடத்தில் தரியா தௌலத் மாளிகைச் சுவரைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாய். “நம்ம புள்ளலூர்ச் சண்டையாமே மாமா, ராக்கெட்டால்தான் ஜெயித்தார்களா?” என்று கேட்டும் வைத்திருந்தாய். போனில் பதில் சொல்ல இரண்டு தரம் முயன்று விட்டுவிட்டேன். காகிதமும் பென்சிலும் இல்லாமல் எனக்குச் சண்டையைப் பற்றிப் பேச வராது. ஆயுசு முழுக்கச் சர்வேச் சங்கிலி பிடித்தவன் புத்தி அப்படி.

நல்ல ஓவியம்தான். நடுவில் சதுரமாக வளைத்துக்கொண்டு நிற்கும் சிவப்புச் சட்டைக்காரர்கள், பல்லக்கில் உட்கார்ந்த கர்னல் பெய்லி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, சுற்றிலும் மைசூர்க் குதிரைகள். திப்பு ஆசைப்பட்டு எழுதவைத்தது. ஆனால் அந்தச் சுவரில் தூரம் கிடையாது. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி காலையில் நடந்த சில மணி நேரம் மட்டும் இருக்கிறது. பெய்லி அந்த இடத்தில் ஏன் தனியாக மாட்டினார், சுமார் 15 கிலோமீட்டர் தள்ளிக் காஞ்சிபுரத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் ஆட்களோடு இருந்த ஹெக்டர் மன்றோ ஏன் வந்து சேரவில்லை என்பதற்குச் சுவர் பதில் சொல்லாது. படம் போட்டால் சொல்லும். (சென்னையில் சேணமில்லாத குதிரைமேல் சிலையாக உட்கார்ந்திருக்கும் மன்றோ இவரில்லை. அவர் தாமஸ் மன்றோ. இந்தச் சண்டை நடந்தபோது அவர் பத்தொன்பது வயதுப் பையன், கப்பலிலிருந்து இறங்கிச் சில மாதங்களே ஆகியிருந்தன.)

ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொள். வலது ஓரத்தில் மேலிருந்து கீழாகக் கடற்கரை. கரையோரமாக நடுவில் சென்னைக் கோட்டை. அதற்குச் சற்றுக் கீழே பரங்கிமலை. அங்கிருந்து தென்மேற்காக வந்தால் காஞ்சிபுரம். இன்னும் மேற்கே போனால் ஆற்காடு. சென்னைக்கு நேர் வடக்கே கும்மிடிப்பூண்டி. கடைசியாக, மேற்கிலிருந்து கிழக்காக, காஞ்சிக்கு வடக்கே வளைந்து எண்ணூர்க் கழிமுகத்தில் போய் விழும் கொசஸ்தலையாறு. இவ்வளவு போதும். ஊர்களை நிறையப் போட்டால் கண் எதையும் பிடிக்காது.

1780 ஜூலையில் ஹைதர் அலி எண்பது தொண்ணூறாயிரம் பேரோடு செங்கம் கணவாய் வழியாகக் கர்நாடகத்துச் சமவெளிக்குள் இறங்கினார். கர்நாடகம் என்றால் அன்றைக்கு ஆற்காட்டு நவாபின் சீமை, நம்முடைய இந்த வட மாவட்டங்களும்தான். சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கும்பினிக் கவுன்சில் கடைசிவரை நம்பாமல் உட்கார்ந்திருந்தது. ஹைதர் ஆற்காட்டை முற்றுகை போட்டார். கும்பினியின் படை இரண்டாகக் கிடந்தது. பெரிய பகுதி பரங்கிமலையில் மன்றோவிடம். சின்னப் பகுதி, சுமார் 2,800 பேர், குண்டூர்ப் பக்கம் போயிருந்த பெய்லியிடம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் ஹைதர் முன்னால் போய் நிற்க முடியும். எங்கே சேர்ப்பது? இந்தப் போர் முழுவதும் அந்த ஒரு கேள்விதான்.

பரங்கிமலையிலேயே சேரலாம் என்று ஒரு யோசனை இருந்தது. கும்பினிப் பக்கத்து அதிகாரி மெக்லியாட் பிரபு அதைத்தான் சொன்னார். மன்றோ காஞ்சிபுரம் என்றார். அவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆற்காடு விழுந்துவிடக் கூடாது, அதை மீட்கப் போவதென்றால் காஞ்சி பாதி வழி. பக்ஸாரில் 1764இல் தன்னைவிடப் பல மடங்கு பெரிய படையைத் தோற்கடித்த மனிதர், பயந்து பின்வாங்குகிறவர் இல்லை. ஆனால் உன் தாளில் மூன்று கோடு இழுத்துப் பார். வடக்கிலிருந்து பெய்லி இறங்கிவரும் வழியான கும்மிடிப்பூண்டியிலிருந்து பரங்கிமலைக்கு ஒரு கோடு. அது கடற்கரையை ஒட்டி, ஹைதர் இருக்கும் திசைக்கு விலகியே போகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து காஞ்சிக்கு இன்னொன்று. ஆற்காட்டிலிருந்து கிழக்காக வரும் எந்தக் குதிரையும் இந்த இரண்டாவது கோட்டை நடுவில் வெட்டலாம். ஆற்காட்டிலிருந்து கிழக்கே அப்படி ஒரு கோடு போட்டுவிட்டால் வேறு விளக்கமே வேண்டாம். மன்றோ குறித்த இடம் அவருக்கும் பெய்லிக்கும் நடுவில் இல்லை. ஹைதரின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

ஆகஸ்ட் 25ஆம் தேதி பெய்லி கொசஸ்தலையாற்றின் வட கரைக்கு வந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை என்றே சொல்லலாம். நடந்தே கடக்கலாம். ஆட்கள் களைத்திருந்ததாலோ என்னவோ, மறுநாள் கடந்துகொள்ளலாம் என்று வட கரையிலேயே பாளையம் இறங்கினார். ராத்திரி வெள்ளம் வந்துவிட்டது.

இந்த ஆற்றை நான் கரையோடு அளந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். கொசஸ்தலை தன்னுடைய மழையில் ஓடுகிற ஆறு இல்லை. காவேரிப்பாக்கம் ஏரி நிறைந்து வழிகிற தண்ணீரும், நகரி மலைப் பக்கத்திலிருந்து இறங்கும் ஓடைகளும் சேர்ந்ததுதான் அது. கரையில் நிற்கிறவன் தலைக்குமேல் வெயில் கொளுத்தும். மேற்கே மலையில் பெய்தது விடிவதற்குள் இங்கே வந்து சேரும். ஆவணியில் மலைப்பக்கம் இடி கேட்டால் மணலில் மாடு கட்ட மாட்டார்கள். உள்ளூர்க்காரன் எவனைக் கேட்டிருந்தாலும் அக்கரைக்குப் போய்த் தூங்கு என்று சொல்லியிருப்பான். இப்போது பூண்டி நீர்த்தேக்கம் வந்த பிறகு அந்த வெள்ளத்தின் முரட்டுத்தனம் போய்விட்டது. இன்றைய டோப்போ ஷீட்டை மட்டும் வைத்துக்கொண்டு பெய்லியைத் திட்டுகிறவர்கள் அதையும் யோசிக்க வேண்டும்.

ஒரு வாரத்துக்கும் மேலாக அவர் அந்தக் கரையில் கிடந்தார். அதற்குள் மன்றோ 26ஆம் தேதி பரங்கிமலையை விட்டுக் கிளம்பி 29ஆம் தேதி காஞ்சி வந்துவிட்டார். அது தெரிந்ததும் ஹைதர் ஆற்காட்டு முற்றுகையை எடுத்துவிட்டுக் கிழக்கே திரும்பினார். எனக்கு இந்தப் போரில் மிகப் பிடித்த நகர்வு இதுதான். ஆற்காட்டை விட்டது கையில் இருந்ததை விட்டதுபோலத் தெரியும். தாளைப் பார்த்தால் தெரியும், அவர் விட்டது ஒரு கோட்டை, பிடித்தது இரண்டு படைகளுக்கு நடுவிலிருந்த வெற்றிடம். தாம் காஞ்சிக்கு அருகே இறங்கி மன்றோவைக் கண்ணில் வைத்துக்கொண்டார். மகன் திப்புவை வடக்கே பெய்லி மேல் அனுப்பினார். நடுவில் இருப்பவன் எந்தப் பக்கம் ஓடினாலும் வழி குட்டை; வெளியில் இருக்கும் இருவரும் ஒருவரை ஒருவர் தொட அவனைத் தாண்டியே போக வேண்டும்.

இங்கே ஒன்று கவனி. நாம் படத்தில் ஒரு அங்குலத்துக்கு இத்தனை மைல் என்று ஒரே அளவுகோல் போடுகிறோம். நிலத்துக்கு அது சரி. படைக்குச் சரியில்லை. பெய்லியின் பீரங்கியை மாடுகள் இழுத்தன. பின்னால் மருந்து வண்டி, அரிசி மூட்டை, கூடவே வந்த கூலிக்காரர், குடும்பங்கள். திப்புவின் குதிரைக்காரனுக்கு அரை நாள் தூரம் இவர்களுக்கு ஒன்றரை நாள். ஆக ஒரே தாளில் இரண்டு தேசம் இருக்கிறது. ஹைதரின் தேசம் சின்னது, கும்பினியின் தேசம் பெரிது. புத்தகங்களில் போடும் படத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே தடிமனில் அம்புக்குறி போட்டுவிடுவார்கள். எனக்கு அந்த அம்புகளைக் கண்டால் ஆகாது. நீ படம் போடும்போது ஊர்களுக்கு நடுவில் மைலை எழுதாதே, நாளை எழுது. மாட்டுக்கு ஒன்று, குதிரைக்கு ஒன்று.

ஆற்றைக் கடந்து வந்த பெய்லியைச் செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு மடக்கினார். பெய்லி தாக்குப்பிடித்தார், ஆனால் அதற்குமேல் தனியாக நகர முடியாது என்று மன்றோவுக்கு ஆள் அனுப்பினார். பேரம்பாக்கம் காஞ்சியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மன்றோவின் பாளையத்தில் பீரங்கிச் சத்தம் கேட்டது. கேட்டும் அவர் கிளம்பவில்லை. கோழை என்றும் சொன்னார்கள், மூடன் என்றும் சொன்னார்கள். காரணம் அரிசி. கையோடு கொண்டுவந்தது சில நாளுக்குத்தான் காணும். சுற்றுவட்டாரம் முழுக்க ஹைதரின் ஆட்கள் ஊர்களைக் கொளுத்திவிட்டிருந்தார்கள். மீதியிருந்த தானியமும் கனத்த பீரங்கிகளும் இங்கே காஞ்சிக் கோயில் மதிலுக்குள் இருந்தன. படையோடு கிளம்பினால் ஹைதர் அன்றே உள்ளே புகுந்துவிடுவார். பெய்லியைக் காப்பாற்றப் போய்ச் சோற்றை இழப்பதா என்று யோசித்தார். காஞ்சியைத் தேர்ந்தெடுத்த அன்றைக்கே இந்த முடிச்சு விழுந்துவிட்டது. பரங்கிமலையில் இருந்திருந்தால் முதுகுக்குப் பின்னால் கோட்டையும் கடலும் இருந்திருக்கும், அரிசிக்குக் காவல் நிற்க வேண்டியிருந்திருக்காது.

கடைசியில் நடுவழி ஒன்றைப் பிடித்தார். 8ஆம் தேதி இரவு கர்னல் பிளெட்சரிடம் சுமார் ஆயிரம் பேரைக் கொடுத்து அனுப்பினார். இரண்டாகக் கிடந்த படை மூன்றானது. போரில் நடுவழி என்பது பெரும்பாலும் இரண்டு பக்கத்து நஷ்டத்தையும் சேர்த்து வாங்குவதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் பிளெட்சர் கெட்டிக்காரர். வழிகாட்டிகள் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. அவர்கள் சொன்ன பாதையை விட்டுவிட்டு ராத்திரியோடு ராத்திரியாக வேறு தடத்தில் சுற்றிப் போய், மறுநாள் காலை பெய்லியிடம் பத்திரமாகச் சேர்ந்தார். ஹைதருக்கு ஆத்திரம் என்கிறார்கள். அவருடைய ஒற்றர்கள் கும்பினிப் பாளையத்துக்குள்ளேயே இருந்தும் பிளெட்சர் தப்பிவிட்டாரே என்று.

ராக்கெட்டைக் கேட்டாய் அல்லவா, என் பதில் இந்த வழிகாட்டிகளில் இருக்கிறது. கும்பினியாரிடம் இந்தப் பக்கத்துக்கு நம்பத்தக்க படம் கிடையாது. எந்த ஏரிக்கரைமேல் வண்டி போகும், எந்தக் களத்தில் சேறு, எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் என்பதெல்லாம் மனிதர்களின் தலைக்குள் இருந்தது. அந்தத் தலைகளுக்கு ஹைதர் தாராளமாகக் கூலி கொடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஹைதர். வந்து சொல்கிறவனைக் கேட்டுக் கேட்டே மனதில் தேசத்தைப் போட்டு வைத்திருந்தார். காகிதப் படம் வருவதற்கு முன்னால் படம் என்றால் ஹர்க்காராதான், அதாவது வழியும் சேதியும் சொல்லும் ஒற்றன். யார் கையில் ஹர்க்காரா அதிகமோ அவர் கையில் நல்ல படம்.

9ஆம் தேதி இரவு பெய்லியும் பிளெட்சரும் சேர்ந்து காஞ்சியை நோக்கி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் பெய்லி நிறுத்தச் சொன்னார், விடியட்டும் என்று. ஏன் நின்றார் என்று அன்றிலிருந்து வாதம் நடக்கிறது. விடிவதற்குள் ஹைதரும் முழுப் படையோடு வந்து சேர்ந்துகொண்டார், பீரங்கிகளோடு. புள்ளலூரில் காலையில் நடந்தது நீ சுவரில் பார்த்ததுதான். ராக்கெட்டும் இருந்தது, மருந்து வண்டிகள் வெடித்ததும் உண்மை. சுமார் 3,800 பேரில் பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். பிளெட்சர் செத்தார். பெய்லி ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறையில் 1782இல் கண்ணை மூடினார். பிடிபட்டவர்களில் டேவிட் பெயர்டு என்று ஒரு கேப்டன். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள். ஆக, ராக்கெட் காலையில் நடந்ததற்குக் காரணம் என்றால் ஒப்புக்கொள்வேன். அந்தக் காலையே வந்ததற்குக் காரணம் ஆகஸ்ட் 25ஆம் தேதி ராத்திரி.

அன்று காலை மன்றோ ஒருவழியாகக் கிளம்பித்தான் இருந்தார். சத்தம் வந்த திக்கில் போனார். வழிகாட்டிகள் அவரைச் சுற்றில் விட்டார்கள். புகையைப் பார்த்தார், சேதி தெரிந்து திரும்பினார். அன்றிரவே கனத்த பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டு வழியாகப் பரங்கிமலைக்கே போய்ச் சேர்ந்தார். எந்த இடத்தில் படை சேர வேண்டாம் என்று சொன்னாரோ அதே இடத்துக்கு, பாதிப் படையோடு. ஆற்காடு நவம்பரில் விழுந்தது.

உன் தாளில் வராதது ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையைச் சுற்றி ஒரு வளையமாக ஹைதரின் குதிரைகள் ஊர்களை எரித்ததைத் தந்திரக் கணக்கில் ஒரு வரியில் முடித்துவிடலாம். எதிரிக்கு அரிசி கிடைக்காமல் செய்வது. வேலை அளவில் அது பிரமாதமாகவே பலித்தது, மன்றோவைக் காஞ்சியில் கட்டிப்போட்டதே அதுதான். ஆனால் படத்தில் வெறும் வெள்ளையாக இருக்கும் அந்த இடம் முழுக்கக் குடியானவர்கள் இருந்தார்கள். அவர்கள் கால்நடையோடு வடக்கும் தெற்குமாக ஓடியதற்கு யாரும் அம்புக்குறி போடுவதில்லை. பெரிய படம் வரைகிறவன் எவனுக்கும் இந்த வியாதி உண்டு. கிராமப் புலப்படம் வரைகிறவனுக்குக் கொஞ்சம் குறைவு. அவனுக்கு ஒவ்வொரு வரப்புக்கும் சொந்தக்காரன் வந்து சண்டைக்கு நிற்பான்.

புள்ளலூருக்கு இது முதல் சண்டையும் இல்லை, கடைசியும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் புள்ளலூரில் பகைவரை அழித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. யார் பகைவர் என்று அதில் பெயர் இல்லை. சாளுக்கியப் புலிகேசி என்பது பொதுவான கருத்து. புலிகேசியின் ஐஹொளெக் கல்வெட்டோ பல்லவனைக் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளியவைத்ததாகப் பெருமை பேசுகிறது. இரண்டு பேரும் ஜெயித்தார்கள்! அதை விடு. 1781 ஆகஸ்ட் 27ஆம் தேதி கும்பினித் தளபதி அயர் கூட் திருப்பாச்சூர்க் கோட்டையைப் பிடித்துவிட்டு வந்தபோது ஹைதர் மறுபடியும் அங்கேயே காத்திருந்தார், ராசியான இடம் என்று. அந்தத் தடவை யாருக்கும் முழு வெற்றி இல்லை. வயலுக்கு நடுவே இன்றும் நிற்கும் இரண்டு வெள்ளைக்காரர் நினைவுத் தூண்கள் அந்த இரண்டாவது சண்டையில் செத்தவர்களுடையவை.

ராசி என்பதை நான் நம்பவில்லை. வடக்கிலிருந்து காஞ்சிக்கு வருகிறவன் அந்த ஊர்ப் பக்கமாகத்தான் வர வேண்டியிருக்கிறது. காஞ்சியில் இருக்கிறவன் மதிலுக்கு வெளியே போய்த் தடுக்க நினைத்தால் ஒரு நாள் நடைக்குள் அங்கேதான் முடியும். ஆயிரத்து நூறு வருஷ இடைவெளியில் ராஜா மாறினான், ஆயுதம் மாறியது, நடக்கிற காலும் இழுக்கிற மாடும் மாறவில்லை.

இப்போது பெயர்டுக்கு வருகிறேன். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஏறக்குறைய நான்கு வருஷம் சிறையிருந்து 1784இல் விடுதலையானார். 1799இல் அதே ஊரை முற்றுகை போட்ட படையில் ஜெனரலாகத் திரும்பி வந்தார். ஒரு நாள் ராத்திரி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு இருட்டில் ஒரு தோப்புக்குப் போய்த் திரும்பும்போது, கூட இருந்த ஒரு அதிகாரி, நாம் தெற்கே போகவில்லை, வடக்கே எதிரி பக்கமாகப் போகிறோம் என்றார். நட்சத்திரத்தைப் பார்த்துச் சொன்னார். பெயர்டு முதலில் எரிந்து விழுந்தார், பிறகு திசைகாட்டியைப் பார்த்து ஒப்புக்கொண்டார். ராத்திரியில் நடுவழியில் நின்ற படையோடு பிடிபட்ட மனிதருக்கே இரண்டாம் தடவையும் அதே கதி வர இருந்தது. அந்த அதிகாரி வில்லியம் லாம்டன்.

போர் முடிந்ததும் லாம்டன் மைசூரையும் இந்தப் பிரதேசத்தையும் ஒழுங்காக அளக்க வேண்டும் என்று மனுப் போட்டார். 1802 ஏப்ரல் 10ஆம் தேதி பரங்கிமலை அடிவாரத்தில் எஃகுச் சங்கிலியை விரித்தார். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் அடிக்கோடு. இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை அங்கேதான் ஆரம்பம். அதற்கு முன்பே, 1794இல், சென்னையில் கும்பினி ஒரு சர்வே பள்ளிக்கூடம் திறந்திருந்தது. அதுதான் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி. புள்ளலூரில் தோற்றதால்தான் இதெல்லாம் வந்தது என்று நேராகக் கோடு இழுக்க மாட்டேன். வரிக்கும் நிலக் கணக்குக்கும் அவர்களுக்குப் படம் தேவைப்பட்டது. ஆனால் ஹர்க்காரா சொல்வதை நம்பிப் பீரங்கி இழுக்கும் காலம் முடிந்துபோனதில் அந்தச் செப்டம்பருக்குப் பங்கில்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு நிற்பேன். என்னைப் போன்றவர்களுக்குச் சோறு போட்டதே அந்த முடிவுதான்.

பழைய ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் ஷீட்டுகள் நான்கைந்தை ஒட்டி, அதன்மேல் டிரேசிங் பேப்பர் வைத்துக் கடற்கரையையும் ஆற்றையும் மட்டும் நகல் எடுத்திருக்கிறேன். உன் அப்பா அடுத்த வாரம் பெங்களூர் வரும்போது கொடுத்தனுப்புகிறேன், மடிக்காமல் சுருட்டியே வை. அதில் ஆகஸ்ட் 25ஆம் தேதிக்கு மன்றோ, பெய்லி, ஹைதர் மூவரையும் அவரவர் இடத்தில் வைத்துவிட்டு, பெய்லிக்கு நீ என்ன உத்தரவு போடுவாய் என்று குறித்து அனுப்பு. ஆற்றைக் கடந்திருந்தால் என்று சுலபமாகத் தப்பிக்கக் கூடாது. வெள்ளம் வந்துவிட்டது, அங்கிருந்து ஆரம்பி. வட கரையோடே கிழக்கே போய்ச் சென்னைக்குத் திரும்பியிருக்கலாமா என்று எனக்கு ஒரு யோசனை உண்டு. கழிமுகப் பக்கம் பீரங்கியை எப்படிக் கடத்துவது என்று மட்டும் பிடிபடவில்லை. பென்சிலில் போடு, பேனா வேண்டாம்.

அம்மாவுக்கு முட்டி வலி தேவலையா என்று எழுது.

அன்புடன்,
மாமா